குட்டிப் பசங்களுக்கு கைல வச்சு ஆடுற கேம் மெஷின் எது வாங்கலாம்? கேளுங்க, தெரிஞ்சதைச் சொல்றேன்

வணக்கம் மக்களே. நமக்கு ஊர் கோயம்புத்தூர். பழைய கேம் மெஷினை வாங்கி, பிரிச்சு, துடைச்சு, திரும்ப மூடி வைக்கிறதுதான் பல வருஷமா பொழுதுபோக்கு, பீரோவுல ஒரு தட்டு முழுக்க இதுதான், அதுக்கு வாங்குன திட்டு தனிக் கணக்கு. வீட்ல பொண்ணுக்கு 9, பையனுக்கு 5. நீங்க அனுப்புன கேள்வில ஒரே மாதிரி இருந்ததையெல்லாம் சேர்த்துட்டேன்.

அக்கா பையனுக்கு 4 வயசு, அடுத்த மாசம் காதுகுத்து. தாய்மாமன் நான்தான், சீர் தட்டுல ஸ்விட்ச் 2 வச்சு அசத்தலாம்னு இருக்கேன். ஓகேவா ப்ரோ?

சபைல கைதட்டு கிடைக்கும் மாப்ள, ஆனா பையனுக்குப் பிரயோஜனம் இல்ல. ஸ்விட்ச் 2ங்கறது நிண்டெண்டோ கம்பெனியோட கேம் மெஷின், வந்தது 2025 ஜூன்ல, ஸ்க்ரீன் 7.9 இஞ்ச், ரெண்டு பக்கமும் ஜாய்கான், அதாவது கழட்டி மாட்டுற கண்ட்ரோலர், மாட்டுனா 534 கிராம். அரைக்கிலோ சர்க்கரை பாக்கெட்டை அவன் கைல குடுத்து மூஞ்சிக்கு நேரா பிடிச்சிட்டு நில்லுடான்னு சொல்லிப் பாருங்க, ஒரு நிமிஷத்துல மடில இறக்கிருவான், அப்புறம் கழுத்தைத் தொங்கப் போட்டுட்டுத்தான் ஆடுவான். நாலு வயசுல கட்டைவிரல் எதிர்ப்பக்கம் இருக்குற பட்டனுக்கு எட்டவும் எட்டாது. இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2021ல சொன்ன கணக்குல 2 முதல் 5 வயசு வரைக்கும் ஸ்க்ரீன் ஒரு நாளைக்கு அதிகபட்சம் ஒரு மணி நேரம், அதுவும் பெரியவங்க கூட இருக்கணும். டிவி, போன் எல்லாம் சேர்த்துத்தான் அந்த ஒரு மணி. இப்போதைக்குத் தோட்டை நல்ல கனமா போடுங்க, மெஷினை 6 வயசுப் பொறந்தநாளுக்கு எடுத்து வைங்க.

பொண்ணுக்கு 6 முடிஞ்சிருச்சு, ஒரே பிள்ளை. ஸ்விட்ச் லைட்டா, ஓலெட்டா? கடைக்காரர் ஓலெட்தான் நல்லாருக்கும்ங்கறார்.

ரெண்டுமே ஸ்விட்ச் 2க்கு முந்தின பழைய ஸ்விட்ச்சோட மாடல்தாங்க. கடைக்காரருக்கு ஓலெட்லதான் நாலு காசு கூட நிக்கும், அவரைக் குத்தம் சொல்ல முடியாது. ஓலெட் ஸ்க்ரீன் பளிச்சுன்னு இருக்கும், அது நிஜம்தான், ஆனா ஆறு வயசுப் பிள்ளைக்கு அந்த வித்தியாசம் தெரியாதுங்க, அது நமக்குத்தான் தெரியும். நான் பாக்குறது கையை. லைட் 275 கிராம், 5.5 இஞ்ச், பட்டன் எல்லாம் உடம்போட சேர்ந்தே இருக்கும், கழட்டித் தொலைக்க ஒண்ணும் இல்ல. ஓலெட் ஜாய்கானோட 420 கிராம், 7 இஞ்ச். அமெரிக்காவுல முதல்ல வந்தப்ப லைட் 199.99 டாலர், ஓலெட் 349.99 டாலர், அந்த இடைவெளி இங்கயும் அப்படியே பெருகித்தான் வரும்.

லைட்டுல ரெண்டு குறை இருக்கு. டிவில மாட்ட முடியாது, வாங்கிட்டு வந்து டிவியோட இணைக்கிற டாக் எங்கன்னு தேடாதீங்க. அடுத்தது ட்ரிஃப்ட், அதாவது கட்டைவிரலால நகத்துற குச்சியைத் தொடாமலே பொம்மை தானா ஒரு பக்கமா நடந்துட்டே இருக்கும். மத்த மாடல்ல அந்த ஜாய்கானை மட்டும் மாத்திக்கலாம், லைட்டுல மொத்த மெஷினும் சர்வீசுக்குப் போகணும். ஒரு கை தேர்ந்த ஆள்கிட்ட குடுத்தா குச்சியை மட்டும் மாத்திக் குடுப்பார், நானே மாத்திருக்கேன், ஸ்க்ரூ பொடிசா இருக்கும், மூணு முனை ட்ரைவர் தனியா வேணும்.

இன்னொன்னு, நிண்டெண்டோ நம்ம நாட்டுல நேரடியா கடை போடல, இங்க கிடைக்கிறதெல்லாம் யாரோ வெளிய இருந்து கொண்டு வந்து விக்கிறதுதான். அதனால வாரண்டின்னா அது கடைக்காரர் வாய்வார்த்தை, பில்லுல எழுதி வாங்குங்க. ஆன்லைன் கடையிலயும் இந்தியான்னு நாடு கிடையாது, அக்கவுண்டை அமெரிக்கான்னு வச்சா டாலர் கிஃப்ட் கார்டு வாங்கித்தான் கேம் எடுக்கணும், நம்ம பேங்க் கார்டு பாதி நேரம் அங்க வேலைக்கே ஆகாது. சின்னப் பிள்ளைக்கு கார்ட்ரிட்ஜாவே, அதாவது மெஷின்ல சொருகுற குட்டி கேம் கார்டாவே வாங்குங்க, அநேகமா எந்த நாட்டு கேம் கார்டும் ஸ்விட்ச்ல ஓடும், ஆடி முடிச்சா பாதி விலைக்காவது வித்துரலாம்.

ரெட்டைப் பசங்க, 5 வயசு. ஒண்ணு வாங்கினா அடிதடி, ரெண்டு வாங்கினா கடன். என்னண்ணா பண்றது?

ஒண்ணு போதும், ஆனா லைட் வேண்டாம். சாதா ஸ்விட்ச் இல்லைன்னா ஓலெட். ரெண்டு ஜாய்கானையும் கழட்டிப் படுக்கப் போட்டு ஆளுக்கு ஒண்ணா குடுத்தா அதுவே ரெண்டு கண்ட்ரோலர், மெஷினை டாக்ல வச்சு டிவில போட்டுருங்க. சண்டை அப்பவும் வரும், சிவப்பு எனக்கு நீலம் உனக்குன்னு வரும். எங்க வீட்ல கலருக்காகவே ஒரு வாரம் பேச்சுவார்த்தை இல்லாம இருந்திருக்கு.

கடைல 400 கேம் உள்ள சிவப்பு டப்பா ஆயிரம் ரூபாய்க்குள்ள விக்கிறாங்களே, சின்னப் பையனுக்கு அது போதாதா? நாங்கெல்லாம் அந்தக் காலத்து பிரிக் கேம்லதான வளந்தோம்?

வளந்தோம்தான், ரெண்டு பென்சில் செல்லு போட்டு, 9999 இன் 1னு அட்டைல எழுதியிருக்கும், உள்ள பாத்தா அதே பத்துப் பதினஞ்சு கேமை வேகத்தை மாத்தி மாத்தி வச்சிருப்பான். இந்த டப்பாவும் அதே கதைதாங்க, 400ன்னு பட்டியல் நீளும், பாதிக்கு மேல பேரு மட்டும் மாறி வரும். உள்ள இருக்குறது 80கள்ல வந்த பழைய நிண்டெண்டோ கேமோட காப்பி, பணம் குடுத்து உரிமம் வாங்குனது இல்ல.

காப்பியைக்கூட விடுங்க. அந்த கேமெல்லாம் அஞ்சு வயசுக்கு ரொம்பக் கஷ்டம், மூணு உயிர் போச்சுன்னா முதல்ல இருந்து, சேவ் பண்ண வழி கிடையாது. என் பையன் ரெண்டே நாள்ல சுவத்துல எறிஞ்சான். அடுத்தது பேட்டரி. பின்னாடி மூடியைத் திறந்தா நம்ம பழைய நோக்கியா போன்ல வந்த அதே பிஎல்-5சி சைஸ் பேட்டரி, மட்டமான சரக்கு. நாலாவது மாசம் ட்ராயர்ல இருந்து எடுக்குறேன், பின்மூடி மேல எழும்பி நிக்குது, விரலை வச்சா மெத்தை மாதிரி அமுங்குது. அதைத் தனியா எடுத்து மணல் போட்ட டப்பால வச்சு ஈ-வேஸ்ட் எடுக்குற இடத்துல குடுத்துட்டு வந்தேன். வாங்குனா தரமான பிஎல்-5சி ஒண்ணு தனியா வாங்கிப் போடுங்க, சார்ஜ் போட்டுட்டுத் தூங்கப் போகாதீங்க.

மச்சான் ஜப்பான்ல இருக்கார், அங்க ஸ்விட்ச் 2 விலை கம்மியாம், வாங்கிட்டு வரச் சொல்லட்டுமா?

போனைப் போட்டு முதல்ல நிறுத்துங்க! அங்க ரெண்டு வகை இருக்கு. 2025ல வந்தப்ப 49,980 யென்னுக்கு வித்தது ஜப்பான் மொழி மட்டும் வர்ற மெஷின், மெனு பூரா ஜப்பான் எழுத்து, மாத்த முடியாது, ஜப்பான்னு போட்ட அக்கவுண்டைத் தவிர வேற எதுவும் அதுல ஏறாது. பல மொழி வர்றது அப்ப 69,980 யென், அதுல லாபமே இல்ல. பழைய ஸ்விட்ச்ல இந்தத் தொல்லை கிடையாது, ஜப்பான் மெஷின்லயும் இங்கிலீஷ் வச்சுக்கலாம், அதைக் கொண்டு வரலாம். ஸ்விட்ச் 2 எடுக்குறவங்க இன்னொன்னும் பாத்துக்கோங்க, வீட்ல கிடக்குற மெமரி கார்டு அதுல கேம் வைக்க உதவாது, மைக்ரோ எஸ்டி எக்ஸ்பிரஸ்னு போட்டிருக்கணும். சில கேம் பொட்டிக்குள்ள இருக்குற கார்டு வெறும் சாவிதான், கேமை நெட்ல இறக்கணும், அது அட்டைலயே போட்டிருக்கும், நெட் சரியா வராத ஊர்க்காரங்க படிச்சுப் பாத்து வாங்குங்க.

அமெரிக்கால இருக்குற சித்தி அவங்க பையன் ஆடுன 2டிஎஸ் அனுப்பியிருக்காங்க. ரொம்பப் பழசு, என் 6 வயசுப் பையனுக்குக் குடுக்கலாமா சார்?

கும்பிட்டு வாங்கிக்கோங்க. 2013ல வந்த நிண்டெண்டோ மெஷின், சிலேட்டுப் பலகை மாதிரி ஒரே கட்டையா இருக்கும், மடக்குற கீல் இல்ல, கீல் இல்லைன்னா உடையற இடமும் இல்ல. இதே குடும்பத்து 3டிஎஸ் மெஷின்ல இருந்த முப்பரிமாண ஸ்க்ரீனை 6 வயசும் அதுக்குக் கீழயும் உள்ள பிள்ளைகளுக்குக் காட்டாதீங்கன்னு கம்பெனியே சொல்லுச்சு, இதுல அந்த 3டி கிடையாது. ஆனா கூட வந்த சார்ஜரை நேரா நம்ம பிளக்ல சொருகிராதீங்க. அமெரிக்க 2டிஎஸ் அடாப்டர் 120 வோல்ட்டுக்கு மட்டும் செஞ்சது, நம்ம 230ல போட்டா புகைதான். பின்னால எழுத்து பொடிசா இருக்கும், டார்ச் அடிச்சுப் படிங்க. யூஎஸ்பில போடுற கேபிள் தனியா கிடைக்கும், அது போதும். ஸ்விட்ச் அடாப்டர் 100 முதல் 240 வரை தாங்கும், அதுக்குப் பின்னு மாத்துற கன்வெர்ட்டர் இருந்தா சரி.

இதோட ஆன்லைன் கடையை 2023 மார்ச்சுல மூடிட்டாங்க, அதனால கார்டு மட்டும்தான். இதுல ஓடுறது 3டிஎஸ் கேம் கார்டு, அது நாடு பாத்து ஓடும், அமெரிக்க மெஷின்னா அமெரிக்கக் கார்டு. அதுக்கு முந்தின டிஎஸ் கார்டு அநேகமா எல்லாமே ஓடும். சித்திகிட்ட கார்டையும் அனுப்பச் சொல்லுங்க, அங்க பழைய சாமான் விக்கிற இடத்துல கிடைக்கும்.

ரெண்டு வயசுத் தங்கச்சி இருக்கா, எதைக் கண்டாலும் வாய்ல போட்டுக்குவா. ஸ்விட்ச் கார்டு அவ்ளோ குட்டியா இருக்கே, பயமா இருக்குங்க.

அதுக்குன்னே அந்தக் கார்டு மேல டெனடோனியம் பென்சோயேட்னு ஒரு கசப்பு தடவியிருக்காங்க. என் பையன் மூணு வயசுல நக்கிட்டு மூஞ்சி போன போக்கைப் பாத்து, அப்படி என்னடா இருக்குன்னு நானும் நாக்கு நுனில வச்சேன். நிலவேம்புக் கஷாயம் எல்லாம் பாயசம்னு ஆயிருச்சுங்க, மதியச் சோறு வரைக்கும் போகல. அதுக்காக கார்டைக் கீழ போட்டு வைக்காதீங்க, கசப்புக்கு முன்னாடி முழுங்கிட்டா? எட்டாத இடத்துல ஒரு டப்பா.

ஸ்டீம் டெக் வாங்கினா பையன் வளந்தாலும் ஆடலாம்னு ஒரு ஐடியா. பையனுக்கு 7.

சார், மனசாட்சியைத் தொட்டுச் சொல்லுங்க, அது பையனுக்கா? ஸ்டீம் டெக்ங்கறது கம்ப்யூட்டர் கேம் ஓடுற கை மெஷின், முதல்ல வந்த மாடல் 669 கிராம், ஃபேன் சத்தம் வேற. உங்களுக்கு வேணும்னா உங்களுக்குன்னே வாங்குங்க, வீட்ல நான் பேசுறேன். பிளேஸ்டேஷன் போர்ட்டல் கேட்டவங்களுக்கும் சேர்த்து: அதுல கேம் தானா ஓடாது, சோனியோட பிஎஸ்5 மாதிரி வேற மெஷின்ல ஓடி வைஃபைல படம் மட்டும் இங்க வரும், சின்னப் பிள்ளைக்கு வேண்டாம்.

போன்ல கேம் இலவசமா கொட்டிக் கிடக்கு, எதுக்கு இவ்ளோ செலவு?

இலவச கேம்ல ஒரு லெவலுக்கு ஒரு விளம்பரம், மூடுற பெருக்கல் குறி எறும்பு சைஸ்ல, குழந்தை விரல் படுறதெல்லாம் வேற ஏதோ டவுன்லோடு. காசு கட்டி வாங்குன கேம் அவனை நிம்மதியா விடும், முடியுற இடம்னு ஒண்ணும் இருக்கும். நல்ல கேமா நாலு காசு குடுத்து வாங்கி, நெட்டை அணைச்சுட்டுக் குடுத்தீங்கன்னா போனும் மோசமில்ல, ஆனா நடுவுல போன் வரும், நீங்க பிடுங்குவீங்க, அங்க ஆரம்பிக்கும் அழுகை.

அரைமணி நேரம்னு சொன்னா ரெண்டு மணி ஆகுது. ஏதாவது லாக் இருக்கா?

நிண்டெண்டோவே பெற்றோருக்குன்னு ஒரு ஆப் வச்சிருக்கு, மெஷினோட இணைச்சு நேரம் வச்சுக்கலாம். நிறையப் பேர் நேரத்தை மட்டும் வச்சுட்டு வேலை செய்யலைங்கறாங்க. அது சும்மா அலாரம் மட்டும்தான் காட்டும், நேரமானா கேமை நிறுத்துங்கற ஆப்ஷனைத் தனியா ஆன் பண்ணணும். எங்க வீட்ல நான் ஆன் பண்ணல. ரேஸ் நடுவுல ஸ்க்ரீன் அணைஞ்சா அவன் மட்டுமில்ல, நானே கத்துவேன். அலாரம் வந்ததும் இந்த ரேஸ் முடிஞ்சா வைக்கணும்னு பேச்சு, அது ஓரளவு நடக்குது. சார்ஜர் மட்டும் எப்பவும் என் அலமாரில.

பையனுக்கு காய்ச்சல் வந்தா வலிப்பு வரும். கேம் ஆட விடலாமா?

இதை என்னைக் கேக்காதீங்க, டாக்டரைக் கேட்டுட்டு அப்புறம் கடைக்குப் போங்க. காய்ச்சல் வலிப்பும் வெளிச்சம் மின்னி வர்ற வலிப்பும் ஒண்ணு இல்ல, அதைப் பிரிச்சுச் சொல்ல வேண்டியது அவர்தான். 1997 டிசம்பர்ல ஜப்பான்ல போக்கிமான் டிவி கார்ட்டூன்ல சிவப்பும் நீலமும் வேகமா மின்னுன ஒரு காட்சியால 600க்கு மேல பிள்ளைகளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனாங்க. கேம்ல முதல்ல வர்ற எச்சரிக்கையைச் சும்மா தள்ளி விட்டுராதீங்க.

தம்பி, நான் தஞ்சாவூர்ல இருந்து. லீவுக்கு 6 வயசுப் பேரன் வர்றான், அவன்கிட்ட ஸ்விட்ச் இருக்கு, நானும் கூட ஆடணும்ங்கறான். எனக்கு அறுபத்தஞ்சு. இங்கிலீஷ் படிக்கணுமா? எந்த கேம் வாங்கி வைக்க?

இன்னைக்கு வந்ததுல இதுதாம்மா நல்ல கேள்வி. ஸ்விட்ச்ல தமிழ் கிடையாது, அதனால போக்கிமான் மாதிரி பக்கம் பக்கமா படிக்கிறது வேண்டாம், பேரனுக்கும் இப்ப கஷ்டம். மரியோ கார்ட் 8 டீலக்ஸ் வாங்குங்க. ஆரம்பிக்குறப்ப வண்டி எடுக்குற இடத்துல ஸ்மார்ட் ஸ்டீயரிங்னு ஒண்ணு இருக்கு, அதைப் போட்டா வண்டி பின்னாடி குட்டி ஆண்டெனா முளைக்கும், ரோட்டை விட்டு விழாம அதுவே திருப்பிக்கும். பக்கத்துலயே ஆக்ஸிலேட்டரைத் தானா அமுக்குற ஆப்ஷனும் இருக்கு. ரெண்டும் போட்டா நீங்க சும்மா பிடிச்சிருந்தாலே கடைசி கோடு வரைக்கும் போயிருவீங்க. அடுத்ததா மரியோ பிரதர்ஸ் வொண்டர், அதுல நாபிட்டுன்னு ஊதாக் கலர் பொம்மை, யோஷின்னு டைனோசர், இதுகளை எடுத்தா எதிரி மேல பட்டாலும் ஒண்ணும் ஆகாது, பள்ளத்துல மட்டும் விழக் கூடாது.

அவன்கிட்ட இருக்குறது லைட்டான்னு முதல்ல கேட்டுக்கோங்க, லைட்னா டிவில வராது, ரெண்டு பேர் ஆட தனியா கண்ட்ரோலர் வேணும். ஜாய்கான்னா கூட வர்ற கயிறை மணிக்கட்டுல மாட்டிக்கோங்கம்மா, உங்க டிவி புதுசுன்னா அவன் கைலயும் மாட்டி விடுங்க.