வாசகர் கேள்வி: எக்ஸெல் ஆட்-இன்னுக்குப் பூட்டுப் போட முடியுமா?

கேள்வி: பின்னலாடை நிறுவனம் ஒன்றின் கணக்குப் பிரிவில் பணிபுரிகிறேன். நூல் விலை, சாயக்கூலி, தையற்கூலி ஆகியவற்றைக் கொண்டு ஓர் ஆடையின் அடக்கவிலையைக் கணக்கிடும் எக்ஸெல் ஆட்-இன் (எக்ஸெலோடு இணைத்துக்கொள்ளும் துணை நிரல்) ஒன்றை, எக்ஸெலுக்குள்ளேயே நிரல் எழுத உதவும் விபிஏ மொழியில் மேக்ரோவாக எழுதியிருக்கிறேன். வேறு சில நிறுவனங்கள் அதை விலைக்குக் கேட்கின்றன. நிரலுக்குக் கடவுச்சொல் போட்டிருக்கிறேன், அது போதுமா? மேலும், மின்னஞ்சலில் அனுப்பிப் பார்த்தபோது சிலருடைய கணினியில் மேக்ரோ இயங்கவே இல்லை. என்ன செய்யலாம்?
(திருப்பூர் வாசகர்)

பதில்: போதாது. விபிஏ திட்டத்துக்கு நீங்கள் போடும் கடவுச்சொல், நிரலைத் திறந்து காட்டாதே என்று எக்ஸெலின் நிரல் திருத்திக்குச் சொல்லும் ஒரு குறிப்பு மட்டுமே. அது நிரலை மறையாக்கம் செய்வதில்லை, அதாவது பிறர் படிக்க முடியாத வடிவுக்கு மாற்றுவதில்லை. ஆட்-இன் சேமிக்கப்படும் எக்ஸ்எல்ஏஎம் கோப்பு என்பது உண்மையில் ஒரு ஜிப் பொதி. அதற்குள் இருக்கும் விபிஏ பகுதியில் உங்கள் மூல நிரல் சுருக்கப்பட்டிருக்கிறதே தவிர, பூட்டப்பட்டிருக்கவில்லை. அந்தச் சுருக்க முறையின் விவரத்தை மைக்ரோசாஃப்டே வெளியிட்டிருப்பதால், கடவுச்சொல்லைக் கேட்காமலேயே நிரலைப் படித்துத் தரும் இலவசக் கருவிகள் இருக்கின்றன. தெரியாமல் கைபட்டு நிரல் கெட்டுப்போகாமல் இருக்க அந்தக் கடவுச்சொல் உதவும். ஆகவே அதை எடுத்துவிட வேண்டாம். நகலெடுக்க முனைந்தவரை அது தடுக்கும் என்று மட்டும் நம்பிவிடாதீர்கள்.

ஆட்-இன்னின் பணித்தாள்கள் கண்ணுக்குத் தெரியாததால் அங்கே விலைப்பட்டியலையும் தள்ளுபடி விகிதங்களையும் வைத்திருப்பவர்கள் பலர். அந்தக் கோப்பு ஆட்-இன்னா இல்லையா என்று குறிக்கும் ‘இஸ்ஆட்இன்’ பண்பை ஒரே வரியில் ‘ஃபால்ஸ்’ என்று மாற்றினால் அந்தத் தாள்கள் அனைத்தும் திரையில் வந்து நிற்கும். உங்கள் நிறுவனத்தின் கூலி விகிதங்கள் அதில் இருந்தால், வெளியே ஒரு பிரதி போவதற்கு முன் அவற்றை நீக்கிவிடுங்கள். விகிதங்களை வாங்குபவரே நிரப்பிக்கொள்ளட்டும்.

கணக்கீட்டு முறையே உங்கள் மூலதனம் என்றால், அந்தப் பகுதியை மட்டும் விபிஏவிலிருந்து வெளியே எடுக்க வேண்டும். எக்ஸெல்-டிஎன்ஏ என்ற இலவசக் கருவியின் துணையோடு மைக்ரோசாஃப்டின் டாட்நெட் தளத்துக்கான மொழி ஒன்றில் எழுதி, எக்ஸ்எல்எல் என்ற வேறு வகை ஆட்-இன் கோப்பாக்கலாம். ஆயினும் டாட்நெட் நிரலையும் ஏறத்தாழ மூல வடிவத்துக்கு மீட்டெடுக்க முடியும் என்பதால், படிப்பவருக்குப் புரியாதபடி அதைக் குழப்பி எழுதும் கருவி ஒன்றும் உடன் தேவைப்படும். கணக்கீடு உங்கள் சர்வரில் நடந்து, விடை மட்டும் வாடிக்கையாளரின் தாளுக்குப் போகும் ஏற்பாடுதான் உறுதியானது. ஆனால் அதற்கு மாதச் செலவும் தொடர்ந்த கவனிப்பும் உண்டு. சில நிறுவனங்களுக்கு மட்டும் விற்கும் நிலையில் அவ்வளவு தூரம் போக வேண்டாம் என்பதே என் கருத்து.

இனி, இயங்க மறுப்பது பற்றி. இணையத்திலிருந்தோ மின்னஞ்சலிலிருந்தோ வரும் கோப்பின்மேல் விண்டோஸ் ஓர் அடையாளம் இடுகிறது. 2022ஆம் ஆண்டு முதல் அந்த அடையாளமுள்ள மேக்ரோக்களை ஆபீஸ் இயல்பாகவே தடுத்துவிடுகிறது. கோப்பை வலச்சொடுக்கி, ‘ப்ராப்பர்டீஸ்’ பெட்டியில் ‘அன்பிளாக்’ என்பதைத் தேர்ந்தால் தடை நீங்கும். ஜிப்பாக அனுப்பியிருந்தால், விரிப்பதற்கு முன்பே ஜிப் கோப்புக்கு இதைச் செய்யச் சொல்லுங்கள். பணம் கொடுத்து வாங்குபவரிடம் ஒவ்வொரு திருத்தத்துக்கும் இதைச் சொல்லிக்கொண்டிருக்க முடியாது. எனவே நிரல் உங்களிடமிருந்துதான் வந்தது என்று காட்டும் மின்னொப்பத்தை அதற்கு இடுங்கள். அதற்கு ஒரு மின்சான்றிதழ் தேவை. ஆபீஸோடு வரும் செல்ஃப்செர்ட் கருவியால் நீங்களே உருவாக்கும் சான்றிதழைப் பிறர் கணினி தானாக நம்பாது. விற்பனைக்கு, அங்கீகாரம் பெற்ற நிறுவனத்திடம் சான்றிதழ் வாங்க வேண்டும். 2023 ஜூன் முதல், ஒப்பமிடப் பயன்படும் அதன் மறைச்சாவியைப் பாதுகாப்பான வன்பொருளில்தான் வைக்க வேண்டும் என்பது விதி. ஆகவே, பெரும்பாலும் அந்தச் சாவியைத் தாங்கிய, கணினியில் செருகும் யுஎஸ்பி டோக்கன் ஒன்றும் சேர்ந்தே வரும். வாங்குபவர் உங்களை நம்பத்தக்க வெளியீட்டாளராக ஒருமுறை ஏற்றுக்கொண்டால், அதே சான்றிதழால் ஒப்பமிட்ட பின்வரும் பதிப்புகள் தடையின்றி இயங்கும்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லியாக வேண்டும். எனக்கு இதில்தான் அதிகக் கவலை. 1957ஆம் ஆண்டின் இந்தியப் பதிப்புரிமைச் சட்டப்படி கணினி நிரலும் இலக்கியப் படைப்பாகவே கருதப்படுகிறது. ஆனால் பணியின் ஒரு பகுதியாக ஊழியர் எழுதியதற்கு, வேறு ஒப்பந்தம் இல்லாதபோது, நிறுவனமே முதல் உரிமையாளர் என்று அதன் 17ஆம் பிரிவு கூறுகிறது. இந்த ஆட்-இன்னை அலுவலகப் பணிக்காக எழுதியிருந்தால், முதலாளியிடமிருந்து எழுத்து வடிவில் ஒப்புதல் பெறாமல் ஒரு பிரதியைக்கூட விற்காதீர்கள். ஒப்புதல் கிடைத்த பிறகு, எத்தனை கணினிகள், எவ்வளவு காலம், பிறருக்குக் கொடுக்கலாமா என்பவற்றைக் குறிப்பிட்டு, வாங்குபவரோடு ஓர் உரிம ஒப்பந்தம் எழுதிக்கொள்ளுங்கள்; உங்கள் நிரலை யாராவது நகலெடுத்து விற்றால், கடவுச்சொல்லைவிட அந்தத் தாள்தான் உங்கள் பக்கம் பேசும்.