யாழ்ப்பாண வயரிங் அனுபவத்தோட சிட்னி, பிறகு மெல்பேண்: ஒரே லைசென்ஸ் காணுமா?

தம்பி, என்.வி.கியூ. (இலங்கையின் தேசிய தொழிற்தகைமை) 4ம் தரமும் 5 வருச வயரிங் அனுபவமும் கொண்டு சிட்னிக்குப் போய், பிறகு மெல்பேணுக்கு மாறலாமா எண்டு கேட்டிருக்கிறீர்கள். அவுஸ்திரேலியாவில் எலக்ட்ரீசியன் லைசென்ஸை ஒவ்வொரு மாநிலமும் தனித்தனியாகத்தான் குடுக்கும். விசா கிடைச்சாலும் லைசென்ஸ் இல்லாமல் வயரில் கை வைக்கேலாது.

முதலில் இங்கிருந்தே திறன் மதிப்பீடு, அதாவது உங்கட தொழில் அனுபவத்தைச் சான்றுகளோட காட்டுறது. கனபேர் வழுக்குவது இதிலதான். பாஸுக்குக் (வேலை எடுத்துச் செய்விக்கிற முதலாளிக்கு) கீழே கைக்காசுக்கு வேலை செய்தவைக்குச் சம்பளச் சீட்டும் இல்லை, ஈ.பி.எப். (ஊழியர் சேமலாப நிதி) பதிவும் இல்லை. “நல்ல வேலைக்காரன்” எண்டு எழுதின கடிதம் உதவாது. தொடங்கின, முடிஞ்ச திகதி, கிழமைக்கு எத்தனை மணித்தியாலம், திரீ பேஸ், டி.பி. போர்ட் (மின் பகிர்வுப் பலகை), எர்த் டெஸ்டிங் எண்டு செய்த வேலைகள், கையெழுத்திட்டவரின் தொலைபேசி எல்லாம் கடிதத்தில் இருக்கவேணும். வங்கிக் கூற்று, பில், வேலைத்தளப் படங்களையும் இப்பவே சேருங்கோ. பாஸ் கடையை மூடினால் பிறகு எடுக்கேலாது. தமிழ், சிங்களப் பத்திரங்களுக்குச் சான்றுபடுத்தின ஆங்கில மொழிபெயர்ப்பு வேணும்.

அங்கே போனதும் தற்காலிக லைசென்ஸோட மேற்பார்வையில் வேலை, கூடவே அவுஸ்திரேலிய விதிகளுக்கான இடைவெளிப் பயிற்சி. அதை முடிச்சு சேர்ட்டிபிகேட் 3 எண்ட அவுஸ்திரேலியத் தொழிற்சான்றிதழ் எடுத்தால்தான் முழு லைசென்ஸ்.

முழு லைசென்ஸ் சிட்னியில் எடுத்த பிறகு மெல்பேண் போறது சுகம். 1992ம் ஆண்டின் பரஸ்பர அங்கீகாரச் சட்டத்தின்படி (ஒரு மாநில லைசென்ஸை மற்ற மாநிலம் ஏற்கிற சட்டம்) மெல்பேண் இருக்கிற விக்டோரியா மாநிலத்தில் விண்ணப்பிக்கலாம். ஒரு மாதத்துக்குள்ள முடிவு சொல்லவேணும். ஆனபடியால் தற்காலிக லைசென்ஸோட இடையில் மாநிலம் மாறாதேங்கோ.