பிங் எந்த போர்ட்டில் போகிறது என்று கேட்டால்

தம்பி, உங்கள் கேள்வியைப் படித்ததும் சிரிப்பு வந்தது, கூடவே வயிற்றைக் கொஞ்சம் பிசையவும் செய்தது. வெளிநாடு வந்து மூன்று மாதம், நெட்வொர்க் சப்போர்ட்டில் இரண்டு வருட அனுபவம், செக்யூரிட்டி பிளஸ் சான்றிதழ் முடித்தாயிற்று, சாக் அனலிஸ்ட் வேலைக்கு, அதாவது ஒரு நிறுவனத்தின் கணினிகளில் தாக்குதல் நடக்கிறதா என்று கண்காணிக்கும் வேலைக்கு, முதல் நேர்காணல் வரப்போகிறது. என்னென்ன கேள்வி வரும், அடுத்து எந்தச் சான்றிதழ், சம்பளம் எவ்வளவு கேட்கலாம் என்று வரிசையாகக் கேட்டுவிட்டு, ஏஜென்ட் ரெஸ்யூமேயில் இரண்டு வருடத்தை ஐந்தாக்கிப் போடச் சொல்கிறார், போடலாமா அக்கா என்று கடைசியில் போகிற போக்கில் ஒரு வரி. எனக்கு அந்த வரிதான் முதலில் கண்ணில் பட்டது. மற்றதெல்லாம் அப்புறம்.

போடாதீர்கள்.

நான் வந்த புதிதில் எனக்கும் ஒருவர் இதே யோசனையைச் சொன்னார். நம்மவர்தான், எனக்குப் பத்து வருடம் முன்னால் வந்தவர், நல்ல பேச்சு. "இங்கே எல்லாரும் அப்படித்தான்மா, யார் போய்ச் சரிபார்க்கப் போகிறார்கள்" என்றார். மற்ற துறைகளில் எப்படியோ, இந்தத் துறையில் சரிபார்ப்பதுதான் வேலையே. ஒரு நிறுவனத்தின் லாக்கை, அதாவது கணினிகளின் நடவடிக்கைப் பதிவுகளையெல்லாம் திறந்து பார்க்கும் உரிமையை உங்கள் கையில் கொடுக்கப் போகிறார்கள், அதற்கு முன் பழைய நிறுவனத்துக்கு மெயில் போட்டுத் தேதி கேட்க மாட்டார்களா? சேர்ந்து ஆறு மாதம் கழித்துத் தெரிந்தாலும் அன்றைக்கே அனுப்பிவிடுவார்கள். விசாவும் அந்த வேலையோடு கட்டியிருந்தால் என்ன ஆகும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். ஏஜென்ட் அப்போது போனை எடுக்க மாட்டார்.

பெரும்பாலும் விஷயம் விசாரணை வரைக்கும்கூடப் போகாது. சில வருடங்களாக நானும் மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து ஆள் எடுக்கிறேன். ஐந்து வருடம் என்று எழுதியவரிடம் நான் கேட்பது ஒன்றே ஒன்றுதான்: கடைசியாக நீங்கள் ஒன்றுமில்லை என்று மூடிவிட்டு அப்புறம் வருத்தப்பட்ட அலர்ட் எது? இரவு ஷிஃப்ட் உண்மையிலேயே பார்த்தவருக்கு இதற்கு யோசனையே வேண்டாம். முகம் லேசாகச் சுருங்கும், ஒரு பெருமூச்சு வரும், பின்னாடியே கதை வரும். பார்க்காதவர் "அப்படி எதுவும் நடந்ததில்லை" என்பார். நான் மரியாதையாக அடுத்த கேள்விக்குப் போவேன், ஆனால் முடிவு அங்கேயே ஆகிவிட்டது.

இதில் என் வயிற்றெரிச்சல் வேறு. எங்கள் குழுவில் ஒருமுறை, நேர்காணலில் பேசியவர் ஒருவர், வேலைக்கு வந்து நின்றவர் இன்னொருவர். பின்னால் உட்கார்ந்து யாரோ பேச, இவர் உதட்டை மட்டும் அசைத்திருக்கிறார். இரண்டு வாரத்தில் வெளுத்துவிட்டது. அந்த ஆள் போய்விட்டார். அதற்கப்புறம் ஒரு வருடம், நம் பெயர் மாதிரி பெயர் உள்ள எந்த ரெஸ்யூமே வந்தாலும் கேமராவைத் திருப்பிக் காட்டு, கையை முகத்துக்கு முன்னால் ஆட்டு என்று எங்கள் ஆட்கள் கேட்டுக்கொண்டிருந்தார்கள், நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். ஒழுங்காகப் படித்து வந்த பிள்ளைகளுக்கு அந்தக் கூச்சம் எதற்கு? இப்போது இந்தச் சந்தேகம் எல்லாருக்கும் பரவிவிட்டது. 2024 ஜூலையில் நோபிஃபோர் என்ற பாதுகாப்புப் பயிற்சி நிறுவனமே, நான்கு வீடியோ நேர்காணல் நடத்தித் தாங்கள் எடுத்த ஆள் திருட்டு அடையாளத்தில் வந்த வடகொரியர் என்று வெளியே சொன்னது. கம்ப்யூட்டர் கைக்குப் போனதுமே அதில் மால்வேர், அதாவது கெடுதல் செய்யும் மென்பொருள், ஏற ஆரம்பித்ததில்தான் பிடிபட்டது. அதனால் உங்களிடம் கேமரா விஷயமாக ஏதாவது விசித்திரமாகக் கேட்டால் கோபப்படாதீர்கள், செய்துவிட்டுப் போங்கள்.

சரி, கேள்விகள். முந்நூறு கேள்வி பதில் என்று ஒரு கோப்பு எல்லார் கையிலும் சுற்றுகிறதே, உங்களிடமும் இருக்கும். எனக்கு அது ஒரு நோட்டுப் புத்தகமாக இருந்தது, நீல மசியில் நானே எழுதியது. கணினியில் எந்தச் சேவை எந்தக் கதவு வழியாகப் பேசும் என்று சொல்லும் போர்ட் எண்கள் ஒரு பக்கம் முழுக்க. 22 எஸ்எஸ்ஹெச், 53 டிஎன்எஸ், 443 ஹெச்டிடிபிஎஸ், 445 எஸ்எம்பி, 3389 ரிமோட் டெஸ்க்டாப் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். முதல் நேர்காணலில் அந்த அம்மாள் இது எதையும் கேட்கவில்லை. "பிங் எந்த போர்ட்டில் போகிறது?" என்றார். இன்னொரு கணினிக்கு ஒரு சிறு செய்தி அனுப்பி, அது எதிரொலி மாதிரி திரும்புகிறதா என்று பார்ப்பதுதான் பிங். என் பட்டியலில் 7 என்ற எண்ணுக்கு நேரே எக்கோ என்று இருந்தது. பிங் என்றால் எக்கோதானே. ஏழு என்றேன், அதுவும் நல்ல தைரியமாக.

பிங்குக்கு போர்ட்டே கிடையாது. அது ஐசிஎம்பி, நெட்வொர்க்கின் நிலையைச் சொல்லும் தனி விதிமுறை. போர்ட் என்பது தகவலைச் சுமக்கும் டிசிபி, யுடிபி என்ற வேறு இரண்டு விதிமுறைகளுக்கு உள்ள சங்கதி. நெட்வொர்க்கில் இரண்டு வருடம் குப்பை கொட்டிய எனக்கு இது தெரியாதா? தெரியும். நோட்டுதான் முந்திக்கொண்டது. ஒரு நிமிடம் நிறுத்தி, பிங் என்ன அனுப்புகிறது, எந்த அடுக்கில் என்று வாய்விட்டு யோசித்திருந்தால் நானே வந்து சேர்ந்திருப்பேன்.

அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. அடுத்து, முன்பு என்ன வேலை செய்தீர்கள் என்றார். விட்ட இடத்தைப் பிடித்துவிடலாம் என்று, எந்த வங்கிக்குச் சப்போர்ட் பார்த்தோம், அங்கே எந்த ஃபயர்வால், எந்தப் பதிப்பு, அதில் எந்த ஓட்டையை எட்டு மாதமாக அடைக்காமல் வைத்திருந்தார்கள் என்று மூச்சு விடாமல் கொட்டினேன். அவர் எழுதிக்கொண்டிருந்த பேனாவை மேசையில் வைத்தார். மூடியைப் போட்டார். "இதையெல்லாம் என்னிடம் எதற்குச் சொல்கிறீர்கள்?" என்றார். குரல் உயரவே இல்லை. எனக்குக் காது சூடானது இன்றைக்கும் நினைவிருக்கிறது. நாளைக்கு எங்கள் ஓட்டைகளை இன்னொரு மேசையில் இப்படித்தானே சொல்வாய் என்பதுதான் அந்தக் கேள்வி.

ஆகவே பழைய வேலையைப் பற்றிப் பேசும்போது வாடிக்கையாளர் பெயர் வேண்டாம், பதிப்பு எண் வேண்டாம். "ஒரு நிதி நிறுவனம், சுமார் இவ்வளவு பயனர்கள், சிக்கல் இது, நான் செய்தது இது" போதும். "நான்" என்று சொல்லுங்கள். நம் ஆட்கள் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் "நாங்கள் பார்த்தோம், நாங்கள் சரிசெய்தோம்" என்றே பேசுவோம், அடக்கமாக இருக்கிறோம் என்று நினைப்பு. எதிரில் இருப்பவருக்கு, இந்த ஆள் சும்மா கூட நின்றிருக்கிறார் போலிருக்கிறது என்றுதான் படும்.

என்ன படிப்பது என்றால், எண்களை விட்டுவிட்டு வித்தியாசங்களைப் படியுங்கள். ஹேஷிங் (திருப்ப முடியாதது), என்கிரிப்ஷன் (சாவி இருந்தால் திருப்பலாம்), என்கோடிங் (யாரும் திருப்பலாம்) மூன்றும் வேறு வேறு. வெறும் என்கோடிங்கான பேஸ்64-ஐ என்கிரிப்ஷன் என்று சொல்லித் திரும்பிப் போனவர்கள் எத்தனை பேர் என்று எண்ணுவதை நான் விட்டுவிட்டேன். பாஸ்வேர்டை ஹேஷ் செய்யும் முன் சால்ட் என்று தற்செயலான எழுத்துகளை ஏன் சேர்க்கிறார்கள்? டிஎன்எஸ், அதாவது தளப் பெயரை எண் முகவரியாக்கும் சேவை, யுடிபியா டிசிபியா என்று கேட்டால் இரண்டும்தான், பெரிய பதில்களும், பெயர்ப் பட்டியலை மொத்தமாக இன்னொரு சர்வருக்கு நகலெடுக்கும் ஜோன் டிரான்ஸ்ஃபரும் டிசிபியில் போகும். படிவத்தில் கட்டளையைச் செருகி டேட்டாபேஸை ஏமாற்றும் எஸ்க்யூஎல் இன்ஜெக்‌ஷனுக்கு "இன்புட்டைச் சரிபார்ப்போம்" என்று மட்டும் சொல்லி நிறுத்தாமல் கட்டளையையும் பயனர் தருவதையும் பிரித்து வைக்கும் பிரிபேர்ட் ஸ்டேட்மென்ட் ஏன் வேலை செய்கிறது என்று சொல்லத் தெரிய வேண்டும். ஒரே கணக்கில் ஆயிரம் பாஸ்வேர்டை முயல்வது ஒன்று, ஒரே பாஸ்வேர்டை ஆயிரம் கணக்கில் முயல்வது இன்னொன்று. இரண்டாவதில் எந்தக் கணக்கும் பூட்டிக்கொள்ளாது, அதனால்தான் அது கண்ணில் படாமல் போகிறது.

நடந்த சம்பவம் ஒன்றை ஆதியோடந்தமாகத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள், ஒன்று போதும். 2017 மே மாதத்து வான்னாக்ரை, கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்ட தாக்குதல், எனக்குப் பிடித்தது. அது புகுந்த எஸ்எம்பி ஓட்டைக்கு, அதாவது விண்டோஸின் கோப்புப் பகிர்வில் இருந்த ஓட்டைக்கு, மைக்ரோசாஃப்ட் மார்ச்சிலேயே பேட்ச், அதாவது திருத்தம், கொடுத்துவிட்டது. இரண்டு மாதம் இருந்தும் ஏன் இத்தனை இடத்தில் போடவில்லை, மெஷின் விட்டு மெஷின் தானாக எப்படிப் பரவியது, யாரோ ஒரு டொமைனைப் பதிவு செய்ததும் ஏன் அடங்கியது என்று அரை மணி நேரம் பேசலாம். அதை நீங்களாகப் புரிந்து பேசினால், மற்ற பத்துக் கேள்விக்குத் தடுமாறினாலும் மன்னித்துவிடுவார்கள்.

வீட்டில், ஒரே கணினிக்குள் தனிக் கணினி மாதிரி ஓடும் விர்ச்சுவல் மெஷின் இரண்டு போடுங்கள். ஒன்றில் விண்டோஸ், அதில் நடப்பதைப் பதியும் சிஸ்மான், ஓர் இலவச லாக் கருவி. இன்னொன்றிலிருந்து அதைத் தாக்குங்கள், லாக்கில் என்ன விழுகிறது என்று பாருங்கள். ரெஸ்யூமேயில் "வீட்டு லேப்" என்றே எழுதுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் உங்கள் மெஷினை மட்டும் தாக்குங்கள் தம்பி. போன வருடம் ஒரு பையன், நல்ல மூளைக்காரன், நேர்காணலில் உட்கார்ந்ததும் "வருவதற்கு முன் உங்கள் தளத்தை ஸ்கேன் செய்தேன், மூன்று பலவீனம் இருக்கிறது" என்று அறிக்கையை நீட்டினான். அசத்திவிட்டதாக முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். அனுமதி வாங்கினீர்களா என்று என் சக ஊழியர் கேட்டதும் அந்த வெளிச்சம் அணைந்ததை என்னால் பார்க்க முடியவில்லை. அனுமதி இல்லாமல் செய்தால் பல நாடுகளில் அது குற்றம். எங்களுக்கு அங்கேயே நேர்காணல் முடிந்துவிட்டது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், வேலை தேடும் அவசரத்தில் கண்ணை மறைக்கும். "தேர்வுக்காக இந்தப் புராஜெக்ட்டை இறக்கி உங்கள் மெஷினில் ஓட்டுங்கள்" என்று முன்பின் தெரியாத ஆள்சேர்ப்பாளர் அனுப்பினால் ஓட்டாதீர்கள். போலி நேர்காணல் நடத்தி, அந்தக் கோப்பிலேயே மால்வேரை வைத்து அனுப்பும் வடகொரியக் கும்பலைப் பற்றி 2023 நவம்பரில் பாலோ ஆல்டோ என்ற பாதுகாப்பு நிறுவனத்தின் யூனிட் 42 ஆய்வுக் குழு விவரமாக எழுதியது. பெரும்பாலும் மென்பொருள் எழுதுபவர்களுக்குத்தான் குறி, ஆனால் நமக்கு வராது என்று சொல்ல முடியாது. முன்பணம் கேட்பவன், பாஸ்போர்ட் நகலை முதல் மெயிலிலேயே கேட்பவன், இவர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சைபர் செக்யூரிட்டி வேலைக்கு விண்ணப்பித்து ஃபிஷிங்கில் மாட்டியவர்களை எனக்குத் தெரியும், அவர்கள் அதை யாரிடமும் சொல்வதில்லை.

சான்றிதழ் பற்றி அதிகம் சொல்ல இல்லை. இருப்பது போதும். சிஐஎஸ்எஸ்பி என்ற மேல்நிலைப் பாதுகாப்புச் சான்றிதழுக்கு எழுதட்டுமா என்று கேட்கிறீர்கள். அதற்கு ஐந்து வருட அனுபவம் வேண்டும், கணினித் துறைப் பட்டமோ அவர்கள் ஏற்கும் வேறு சான்றிதழோ இருந்தால் ஒரு வருடம் கழித்துக்கொள்வார்கள். அனுபவம் இல்லாமல் தேர்வை மட்டும் தேறினால் அசோசியேட் என்றுதான் போட்டுக்கொள்ளலாம். நம்மவர்கள் சிலர் பெயருக்குப் பின்னால் முழுசாகவே போட்டுத் திரிகிறார்கள், அதிலும் நெறிமுறை என்று ஒரு பாடம் இருக்கிறது, படித்தார்களோ இல்லையோ. சம்பளம் எவ்வளவு கேட்கலாம் என்பதற்கு நான் சரியான ஆள் இல்லை, முதல் வேலையில் அவர்கள் சொன்னதற்கு உடனே தலையாட்டியவள் நான்.

அந்த முதல் வேலை பதினோராவது நேர்காணலில் கிடைத்தது. அங்கே கேட்டது இதுதான்: ஒரே கணக்கில் பத்து நிமிடத்தில் நானூறு 4625, அதாவது விண்டோஸ் பதியும் தோற்ற லாகின், என்ன செய்வீர்கள்? நோட்டில் "கணக்கை முடக்கு, மெஷினைத் தனிமைப்படுத்து" என்று இருந்தது. நோட்டை அதற்குள் நான் தூக்கிப் போட்டிருந்தேன். "இது தாக்குதலா என்று எனக்கு இப்போதைக்குத் தெரியாது" என்று ஆரம்பித்தேன். அந்த வரியைச் சொல்லப் பத்து நேர்காணல் ஆனது. எங்கிருந்து வருகிறது, ஒரே மெஷினா பலவா, லாகின் டைப் என்ன, நடுவில் எங்காவது 4624, அதாவது வெற்றி பெற்ற லாகின், விழுந்து உள்ளே போயிருக்கிறதா, அந்தக் கணக்கு மனிதருடையதா, தானாக ஓடும் மென்பொருள் சர்வீஸுடையதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே போனேன். சர்வீஸ் கணக்கு என்றால் யாரோ பாஸ்வேர்டை மாற்றிவிட்டு ஏதோ ஒரு சர்வரில் பழையதை விட்டுவிட்டிருக்கலாம், அவசரப்பட்டு முடக்கினால் நாமே வேலையை நிறுத்தியதாகிவிடும் என்றேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை, குடிக்கத் தண்ணீர் வேண்டுமா என்று மட்டும் கேட்டார்.

சேர்ந்த இரண்டாவது வாரம், இரவு மூன்று மணி, மாடியில் நான் ஒருத்திதான். திரையில் ஒரே கணக்கில் 4625 மேல் 4625 விழுகிறது. டைப் 5, அதாவது சர்வீஸ். ஒரே சர்வர், சரியாக முப்பது விநாடிக்கு ஒருமுறை, கடிகாரம் வைத்த மாதிரி. போனை எடுத்து, தூக்கத்தில் இருந்த சர்வர் குழு ஆளிடம், நேற்று சாயங்காலம் பாஸ்வேர்ட் எதையாவது மாற்றினீர்களா என்று கேட்டேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "ஐயோ" என்றார்.