சின்ன காரின் வயிறு

கேள்வி: மாருதி ஜிப்ஸி ஜீப்பை நம் ராணுவம் எடுத்துக்கொண்டது தெரியும். வீட்டுக்கு வாங்குகிற சாதாரண சின்ன காரை ராணுவத்துக்காகச் சோதித்துப் பார்த்திருக்கிறார்களா? தேறியதா? (வாசகர், குலசேகரம்)

பதில்: பார்த்திருக்கிறார்கள். பிரிட்டனில் மினி காரை வடிவமைத்த அலெக் இஸிகோனிஸ், அதே எஞ்சினையும் சக்கரங்களையும் வைத்து 'மினி மோக்' என்று கதவில்லாத ஒரு வண்டி செய்தார். விமானத்திலிருந்து பாராசூட்டில் இறக்கலாம், சேற்றில் மாட்டினால் நாலு சிப்பாய்கள் தூக்கி வைத்துவிடலாம் என்று கணக்கு. ராணுவம் ஓட்டிப் பார்த்து வேண்டாம் என்றுவிட்டது. முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என்று இரண்டு எஞ்சின் வைத்துக்கூடப் பார்த்தார்கள், எடுபடவில்லை. கடைசியில் 1964இல் பொதுமக்களுக்கு விற்பனைக்கு வந்தது.

'சின்ன' என்பதை நீங்கள் ஒரு குறைபோல எழுதியிருக்கிறீர்கள். நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். மோக்கின் காலை வாரியது அதன் 10 அங்குலச் சக்கரம். பழைய பஜாஜ் சேத்தக் ஸ்கூட்டருக்கும் அதே 10 அங்குலம்தான். அப்புறம் வயிறு தரையில் உரசாமல் என்ன செய்யும்? ஜிப்ஸியும் சின்னதுதான், முதலில் வந்தபோது எஞ்சின் 970 சிசி. ஆனால் வயிறு உயரம், நாலு சக்கரத்திலும் இழுவை. மழைக்காலத்தில் உங்கள் ஊர் ரப்பர் தோட்டத்துச் செம்மண் பாதையைப் பாருங்கள். இரண்டு பக்கமும் சக்கரத் தடம் குழிந்து, நடுவில் மண் முதுகுபோல எழும்பி நிற்கும். தாழ்ந்த வண்டி அந்தத் திட்டில்தான் உட்கார்ந்துவிடுகிறது.

வயிறு என்றதும் வேகத்தடை ஞாபகம் வந்துவிட்டது. மறுபடியுமா என்பீர்கள். ஆமாம், மறுபடியும்தான். சாலைகளுக்கு அளவு வகுக்கும் இந்திய சாலைக் காங்கிரஸ் என்ற அமைப்பு சொல்லும் அளவு, உயரம் 10 சென்டிமீட்டர், வண்டி போகும் திசையில் அகலம் 3.7 மீட்டர். நம் தெருக்களில் ஒரு முழ அகலத்தில் வரப்புபோலக் கட்டிவைக்கிறார்கள். போன மாதம் தக்கலைப் பக்கம் ஒரு கர்ப்பிணிப் பெண் ஆட்டோவிலிருந்து இறங்கி, வயிற்றைப் பிடித்துக்கொண்டு தடையை நடந்து தாண்டி, அந்தப் பக்கம் போய் மறுபடி ஏறினார். பார்த்துக்கொண்டு நின்ற எனக்கு வயிறு எரிந்தது. ராணுவம் தன் ஆளை ஏற்றுமுன் வண்டியைச் சேற்றில் இறக்கிப் பார்க்கிறது. தடை கட்டுகிறவர்களும் ஒரு தடவை ஆட்டோவில் உட்கார்ந்து அதன்மேல் ஏறி இறங்கிப் பார்க்க வேண்டும்.

சரி, நீங்கள் ஒரு உதவி செய்யுங்கள். டேப்பை எடுத்து உங்கள் தெரு வேகத்தடையின் உயரம், அகலம் இரண்டையும் அளந்து அனுப்புங்கள். தெருப் பெயரோடு அடுத்த இதழில் போடுகிறேன்.