ஜிம்முக்குப் போனால் முதுகெல்லாம் பொரிப்பொரியாக வருகிறதே, விட்டுவிடலாமா?

கேள்வி: வயது 24, திருப்பூரில் வேலை. ஜிம்மில் சேர்ந்து நாலு மாதம் ஆகிறது. இரண்டாவது மாதத்திலிருந்து தோள், மேல்முதுகு, நெற்றி ஓரம் எல்லாம் சின்னச் சின்னதாகப் பொரிகிறது. எல்லாம் ஒரே அளவு. வியர்த்தால் அரிப்பு வேறு. மாஸ்டரைக் கேட்டால் "உடம்புச் சூடு வெளியேறுது, விடு" என்கிறார். மெடிக்கல் ஷாப்பில் ஒரு ஆயின்மென்ட் கொடுத்தார்கள். ஒரு வாரத்தில் அடங்கியது, நிறுத்தியதும் இரண்டு மடங்காக வந்துவிட்டது. ஜிம்மை விட்டுவிடலாமா?

பதில்: ஜிம்மை விடாதீர்கள். அந்த ஆயின்மென்ட்டை விடுங்கள்.

பூசினால் ஒரு வாரத்தில் மாயம், நிறுத்தினால் இரட்டிப்பு என்றால், பார்க்காமலே சொல்கிறேன், அது ஸ்டீராய்டு கலந்த களிம்பாகத்தான் இருக்கும். ட்யூபில் கிளோபெட்டசால், பீட்டாமெத்தசோன், மொமெட்டசோன் என்று ஏதாவது இருக்கிறதா பாருங்கள். கூடவே ஒரு ஆன்டிபயாடிக், ஒரு பூஞ்சை மருந்து என்று கூட்டாஞ்சோறாகப் போட்டிருப்பார்கள். ஸ்டீராய்டு சிவப்பையும் அரிப்பையும் அமுக்கும், காரணத்தைத் தொடாது. தொடர்ந்து பூசினால் அதுவே பருவைக் கிளப்பும், தோலையும் மெலிய வைக்கும். 2018இல் மத்திய அரசு பல ஸ்டீராய்டு களிம்புகளை ஷெட்யூல் ஹெச் பட்டியலுக்குள் கொண்டுவந்தது. மருந்துச் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது. விதி காகிதத்தில் நன்றாகத்தான் இருக்கிறது. கடையில் போய் "முதுகில் அரிக்குது" என்று சொல்லிப் பாருங்கள், சீட்டா கேட்கிறார்கள்? என்னிடம் வருகிறவர்களில் பாதிப்பேர் பையில் ஏற்கெனவே ஒரு ட்யூப் இருக்கிறது. மருந்துக் கடைகளைச் சோதிக்க வேண்டிய இன்ஸ்பெக்டர்கள் எங்கே போனார்கள் என்று கேட்டுக் கேட்டு எனக்கே அலுத்துவிட்டது. களிம்பை நிறுத்தியதும் சில நாள் சிவந்து கிளம்பும். பயந்துபோய்த் திரும்பவும் அதையே எடுத்துவிடாதீர்கள்.

சரி, உடம்புச் சூடு விஷயம். அப்படி ஒன்று முதுகு வழியாக வெளியேறுவதில்லை. வியர்வையில் ஊறிய தோலை இறுக்கமான பனியன் ஒட்டிப் பிடிக்கிறது. ஸ்குவாட் போடும்போது கம்பி தோளில் அழுத்துகிறது. ரெக்சின் பெஞ்சு முதுகை உரசுகிறது. இதில் மயிர்க்கால்களின் வாய் அடைத்து வீங்குகிறது. இதற்கு 1975இலேயே தோல் மருத்துவர்கள் 'அக்னே மெக்கானிகா' என்று பெயர் வைத்துவிட்டார்கள். அமெரிக்கக் கால்பந்து ஆடுகிறவர்களுக்குத் தோள் கவசமும் ஹெல்மெட் பட்டையும் படும் இடத்தில் வருவது இதுதான். நம் ஊரில் பைக் ஹெல்மெட் தாடையில் செய்வதும், லேப்டாப் பை தோளில் செய்வதும் அதே வேலை.

ஆனால் உங்கள் கடிதத்தில் இரண்டு வார்த்தை என்னை நிறுத்தியது: அரிப்பு, ஒரே அளவு. சாதாரணப் பரு பலவிதமாக இருக்கும். ஒன்று கரும்புள்ளி, ஒன்று சீழ், ஒன்று உள்ளே கட்டி. வலிக்கும், பெரிதாக அரிக்காது. எல்லாம் கடுகைத் தூவியதுபோல ஒரே மாதிரி, வியர்த்தால் அரிக்கிறது, மேல்முதுகிலும் நெற்றி முடியோரத்திலும் கூட்டமாக இருக்கிறது என்றால் அது மலசீசியா என்கிற ஈஸ்ட்டின், அதாவது ஒருவகைப் பூஞ்சையின், வேலையாக இருக்கலாம். பருவே இல்லை. இந்த ஈஸ்ட் எல்லார் தோலிலும் குடியிருப்பதுதான். எண்ணெய்ப்பசையும் ஈரமும் இருந்தால் மயிர்க்காலுக்குள் பெருகும். பரு என்று நினைத்து ஆன்டிபயாடிக் மாத்திரை கொடுத்தால், போட்டிக்கு இருந்த பாக்டீரியா செத்து இது இன்னும் கொழுக்கும். ஸ்டீராய்டும் இதற்குத் தீனிதான். கடைக்காரரை மட்டும் சொல்லிப் பயனில்லை. கூட்டத்தைப் பார்த்துச் சட்டையைத் தூக்கிப் பார்க்காமலே மாத்திரை எழுதுகிற ஆட்கள் டாக்டர்களான எங்களிலும் உண்டு. லேசாகச் சுரண்டி மைக்ராஸ்கோப்பில் பார்க்க எவ்வளவு நேரம் ஆகிவிடும்?

அதனால் முதலில் ஒரு தோல் மருத்துவரிடம் காட்டி, எது என்று தெரிந்துகொள்ளுங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை ஓ.பி.யிலேயே பார்க்கலாம், காலையில் சீக்கிரம் போக வேண்டும், அவ்வளவுதான். ஈஸ்ட் என்றால் கீட்டோகொனசோல் 2 சதவீத ஷாம்புவை முதுகில் தேய்த்து 5 நிமிடம் விட்டுக் கழுவச் சொல்வார்கள், தேவைப்பட்டால் மாத்திரை. சாதாரணப் பரு என்றால் 2.5 சதவீத பென்சாயில் பெராக்சைடு போதும். 10 சதவீதம் வாங்கினால் எரிச்சல்தான் கூடும். இது துணியை வெளுக்கும், கறுப்பு டீ-ஷர்ட்டும் தலையணை உறையும் ஜாக்கிரதை. பலன் தெரிய எட்டுப் பன்னிரண்டு வாரம் ஆகும்.

அதுவரை ஜிம்மில் செய்ய வேண்டியது பெரிதாக ஒன்றுமில்லை. தளர்வான, வியர்வை சீக்கிரம் உலரும் துணி போடுங்கள். பெஞ்சில் உங்கள் துண்டை விரியுங்கள். முடிந்ததும் அரட்டை அடிக்காமல் ஈர பனியனைக் கழற்றிவிட்டுக் குளியுங்கள், வீடு தூரம் என்றால் துடைத்து மாற்றிக்கொண்டாவது கிளம்புங்கள். நேற்றைய டீ-ஷர்ட்டைக் காயவைத்து இன்றும் மாட்டுவது வேண்டாம். பீர்க்கங்காய் நார் போட்டுத் தேய்ப்பதை நிறுத்துங்கள், அதுவும் உரசல்தான். தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டு ஜிம்முக்குப் போகாதீர்கள், வழிந்து நெற்றியில்தான் நிற்கும்.

நீங்கள் எழுதாத ஒன்றையும் கேட்டுவிடுகிறேன். மாஸ்டர் உங்களுக்கு பவுடர் டப்பா விற்றிருக்கிறாரா? அதில் இருக்கும் வே ப்ரோட்டீன், அதாவது பாலிலிருந்து எடுக்கும் புரதம், சிலருக்குப் பருவை அதிகமாக்கும். ஒரு மாதம் நிறுத்திப் பாருங்கள், முட்டையும் சுண்டலும் போதும். டப்பாவுக்கு இவ்வளவு என்று கமிஷன் வாங்குகிறவர் அதை உங்களிடம் சொல்லமாட்டார். "சீக்கிரம் சைஸ் ஏறும்" என்று ஊசி போட்டிருந்தால் கதையே வேறு. டெஸ்டோஸ்டிரோன் வகை ஊசிகளால் மார்பிலும் முதுகிலும் பெரிய பெரிய கட்டிகள் வந்து குழி விழுந்த தழும்பாகவே நின்றுவிடும். அதை டாக்டரிடம் மறைக்காதீர்கள். போகும்போது அந்த ட்யூபையும் டப்பாவையும் கையோடு எடுத்துப் போங்கள். பெயர் மறந்துவிட்டது என்று எல்லாரும்தான் சொல்கிறார்கள்.