போர் தண்ணீர் முதல் ஈயச்சொம்பு வரை: உலோகம் அளப்பது பற்றிய கேள்வி-பதில்

எங்கள் போர் தண்ணீரில் துவைத்தால் வெள்ளைத் துணி பழுப்பேறுகிறது. ஆய்வக அறிக்கையோ இரும்பு மிகக் குறைவு என்கிறது. கருவி கோளாறா?
- வாசகி, திருமங்கலம்

கருவியைத் திட்டுவதற்கு முன் நீங்கள் கொடுத்த பாட்டிலைப் பாருங்கள். மேலே வரும்போது தெளிவாக இருக்கும் தண்ணீர், காற்றுப் பட்டதும் மெல்லப் பழுப்பாகும். கரைந்திருந்த இரும்பு துருவாகி அடியில் படியும். இரண்டு நாள் கழித்து மேல்தண்ணீரை மட்டும் எடுத்துச் சோதித்தால் இரும்பு எப்படிச் சிக்கும்? மோட்டாரைச் சற்று நேரம் ஓடவிட்டு, ஆய்வகம் தரும் அமிலம் சேர்த்த பிளாஸ்டிக் பாட்டிலில் பிடியுங்கள்.

அங்கே அமிலத்தில் சூடாக்கி, ஹைட்ராக்ஸிலமீன் சேர்த்து இரும்பு முழுவதையும் ஃபெரஸ் (இரண்டு இணைதிற) நிலைக்குக் கொண்டுவருவார்கள். பிறகு ஃபெரஸ் இரும்போடு சேர்ந்து நிறம் தரும் பீனாந்த்ரோலின் விட்டால் செம்மஞ்சள் நிறம் எழும். அது 510 நானோமீட்டர் ஒளியை எவ்வளவு விழுங்குகிறது என்பதிலிருந்துதான் கணக்கு. ஹைட்ராக்ஸிலமீனில் கஞ்சத்தனம் காட்டினாலும் விடை குறைந்தே வரும். லிட்டருக்கு 0.3 மில்லிகிராமைத் தாண்டினாலே துணியில் கறை தெரியும். எனவே உங்கள் துணியை நம்பலாம், மறுசோதனை செய்யுங்கள்.

தெரிந்த செறிவுகளை வைத்து நான் வரைந்த அளவுக்கோடு நேராக ஏறாமல் மேல்முனையில் கீழ்நோக்கி வளைகிறது. கடைசிப் புள்ளியின் அப்சார்பன்ஸ் (ஒளியை விழுங்கும் அளவு) 2.6.
- வேதியியல் மாணவர், மதுரை

அப்சார்பன்ஸ் 2 என்றாலே நூற்றில் ஒரு பங்கு ஒளிதான் மறுபக்கம் வருகிறது. 2.6-இல் கருவிக்குள் அலையும் உதிரி ஒளியையும் சேர்த்து அளக்கிறீர்கள். கரைசலை நீர்க்கச் செய்து, 0.2-க்கும் 0.8-க்கும் இடையில் கொண்டுவந்து, விடையை நீர்க்கச் செய்த மடங்கால் பெருக்கிக்கொள்ளுங்கள். கரைசலை ஊற்றும் குவெட்டின் தெளிந்த பக்கத்தில் விரல் வைக்காதீர்கள்.

தோல் தொழிற்சாலை அருகிலுள்ள எங்கள் கிணற்று நீரில் டைபீனைல்கார்பசைடு சேர்த்தும் ஊதா நிறம் வரவில்லை. குரோமியம் இல்லை என்று நிம்மதி அடையலாமா?
- வாசகர், திண்டுக்கல்

கூடாது. அந்த நிறம் ஆறு இணைதிற குரோமியத்துக்கு மட்டுமே வரும். தோல் பதனிடப் பெரும்பாலும் பயன்படுவதோ மூன்று இணைதிற உப்பு. அது எவ்வளவு இருந்தாலும் இந்தச் சோதனையில் வாய் திறக்காது. பெர்மாங்கனேட்டால் முழுவதையும் ஆறு இணைதிறத்துக்கு ஆக்சிஜனேற்றம் செய்த பிறகு 540 நானோமீட்டரில் அளக்கச் சொல்லுங்கள். 'மொத்தக் குரோமியம்' என்று விண்ணப்பத்திலேயே எழுதிக் கொடுத்துவிடுவது நல்லது. எழுதாமல் விட்டால் எளிய சோதனையோடு முடித்துவிடுவார்கள்.

வெள்ளீயத்தில் செய்த ஈயச்சொம்பில் நச்சுள்ள காரீயம் கலந்திருக்கிறதா என்று வீட்டிலேயே பார்க்க முடியுமா?
- வாசகி, மேலூர்

முடியாது. உரசிப் பார்ப்பதும் வீண். சொம்பில் நீர்த்த அசிட்டிக் அமிலத்தை ஒருநாள் ஊற்றிவைத்து, அதில் இறங்கியதை அணு உட்கவர் நிறமாலைமானியில் அளப்பார்கள். காரீய விளக்கிலிருந்து வரும் 283.3 நானோமீட்டர் ஒளியைக் காரீய அணுக்கள் விழுங்கும். மிகச் சிறு அளவென்றால் தீச்சுடர் போதாது, கிராஃபைட் உலைதான் வேண்டும். முடிவு வரும்வரை ரசத்தை எவர்சில்வரில் வையுங்கள்.