ஐ7 என்று மட்டும் எழுதிய சீட்டு

கேள்வி: துறைமுகத்தை ஒட்டிய கண்டெய்னர் யார்டு ஒன்றில் நான் கணக்கு எழுதுகிறேன். கல்லூரியில் முதலாண்டு சேர்ந்திருக்கும் மகனுக்குப் படிப்புக்கும், அவன் விரும்பும் வாலரண்ட், ஜிடிஏ 5 ஆகிய விளையாட்டுகளுக்கும் சேர்த்து ஒரு கணினி வாங்கித் தர எண்ணுகிறேன். மானிட்டர் உட்பட 50,000 ரூபாய்க்கு மேல் என்னால் இயலாது. ஒரு கடையில் கொடுத்த எஸ்டிமேட்டில், ‘ஐ7 புராசசர், 16 ஜிபி ராம், 4 ஜிபி கிராபிக்ஸ் கார்டு, 512 ஜிபி எஸ்எஸ்டி, 500 வாட் எஸ்எம்பிஎஸ், ஆர்ஜிபி கேபினெட் – மொத்தம் 32,000 ரூபாய்’ என்று எழுதியிருக்கிறார்கள். மானிட்டர் வாங்கிய பிறகும் கையில் பணம் மிஞ்சும் போலிருக்கிறது. வாங்கலாமா?
– வாசகர், தண்டையார்பேட்டை

பதில்: அந்தச் சீட்டை நம்பி முன்பணம் கொடுத்துவிடாதீர்கள். தங்கள் யார்டுக்கு வரும் பெட்டி ஒவ்வொன்றின் மேலும் நான்கு எழுத்தும் ஏழு இலக்கமும் இருக்கும். அவை இல்லாமல் ‘பெட்டி ஒன்று வந்தது’ என்று யாராவது எழுதிக் கொடுத்தால் தாங்கள் கணக்கில் ஏற்ற மாட்டீர்கள். கணினியின் பாகங்களுக்கும் அதேபோல் முழுப்பெயரும் மாடல் எண்ணும் உண்டு. தாங்கள் அனுப்பிய சீட்டில் ஆறு பாகங்கள் இருக்கின்றன. ஒன்றுக்குக்கூட மாடல் எண் இல்லை.

முதலில் புராசசர். ஐ7 என்ற பெயரை இன்டெல் நிறுவனம் 2008 முதல் வைத்திருக்கிறது. 2012இல் வெளிவந்த ஐ7 3770-க்கும் அதே பெயர்தான், சென்ற ஆண்டுகளில் வந்தவற்றுக்கும் அதே பெயர்தான். இந்த விலையில் ஐ7 கிடைக்கிறது என்றால், அது பெரும்பாலும் பழைய அலுவலகக் கணினியிலிருந்து கழற்றப்பட்ட மூன்றாம் அல்லது நான்காம் தலைமுறைப் புராசசராகவே இருக்கும். 3770-இல் நான்கு கோர்கள் (கணக்குப் போடும் மூளைகள்), எட்டு த்ரெட்கள் (ஒரே நேரத்தில் ஓடும் வேலை வரிசைகள்). 2022இல் வந்த ஐ3 12100எஃப்-இலும் அதே நான்கு, அதே எட்டு. ஆனால் ஒவ்வொரு கோரின் வேகமும் அந்தப் பழைய ஐ7-ஐ வெகுவாக மிஞ்சும். பேரன் தாத்தாவைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடுவான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இதைவிடப் பெரிய இடைஞ்சல் ஒன்று இருக்கிறது. விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14 அன்று நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11-க்கோ, இன்டெல் புராசசர்களில் எட்டாம் தலைமுறைக்கு முந்தியவை, ஓரிரு விதிவிலக்குகள் தவிர, அதிகாரபூர்வப் பட்டியலில் இல்லை. கடைக்காரர் ஏதோ ஒரு குறுக்கு வழியில் விண்டோஸ் 11-ஐ ஏற்றிக் கொடுத்துவிட முடியும். ஆனால் வாலரண்டுடன் சேர்ந்து வரும் வான்கார்டு என்ற கண்காணிப்பு மென்பொருள், விண்டோஸ் 11-இல் டிபிஎம் 2.0 (பாதுகாப்புச் சாவிகளைக் காக்கும் பகுதி), செக்யூர் பூட் (நம்பகமான மென்பொருளை மட்டும் தொடங்கவிடும் ஏற்பாடு) ஆகிய இரண்டும் இயங்குகின்றனவா என்று பார்த்த பிறகே விளையாட்டைத் திறக்கவிடும். அந்தக் காலத்து மதர்போர்டுகளில் டிபிஎம் 2.0 கிடையாது. ஆக, எந்த விளையாட்டுக்காக வாங்குகிறீர்களோ அதுவே திறக்காமல் போகக்கூடும்.

அடுத்தது ‘4 ஜிபி கிராபிக்ஸ் கார்டு’. ஜிபி என்பது கார்டின் கொள்ளளவே அன்றித் திறன் அன்று. யார்டு எத்தனை ஏக்கர் பரந்திருந்தாலும், கேட் வழியாக மணிக்கு எத்தனை லாரி போகிறது என்பதுதான் வேலையை முடிவுசெய்கிறது என்பதைத் தங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 2014இல் வந்த ஜிடி 730 கார்டும் 4 ஜிபியில் விற்கப்படுகிறது. அதில் டிடிஆர்3 மெமரி வைத்த 64 பிட் வகையில் நொடிக்கு 14.4 ஜிபி தரவுதான் போய்வரும். 2021இல் வந்த ஆர்எக்ஸ் 6600-இல் அது நொடிக்கு 224 ஜிபி. பெயரைக் கேட்டதும் கடைக்காரர் ‘ஜிடி’ என்று தொடங்கினால் எழுந்து வந்துவிடுங்கள்.

வீட்டு மின்சாரத்தை மாற்றிப் பாகங்களுக்கு வழங்கும் பெட்டியான எஸ்எம்பிஎஸ்ஸை எல்லாரும் கடைசியாகப் பார்க்கிறார்கள். நான் முதலில் பார்ப்பேன். பெயர் தெரியாத பெட்டிமேல் 500 வாட் என்று ஸ்டிக்கர் ஒட்டுவதற்குச் செலவு ஏதுமில்லை. தயாரித்த நிறுவனத்தின் பெயர், 80 பிளஸ் என்ற மின்சிக்கனச் சான்று, ஆண்டுக் கணக்கில் வாரன்டி ஆகிய மூன்றும் உள்ள 450 அல்லது 550 வாட் எஸ்எம்பிஎஸ் போதும். ஆர்எக்ஸ் 6600 அதிகபட்சம் 132 வாட்தான் இழுக்கும். அதற்கு 450 வாட் எஸ்எம்பிஎஸ்ஸைத்தான் அந்தச் சிப்பின் நிறுவனமான ஏஎம்டியே பரிந்துரைக்கிறது. இதில் ஆயிரம் ரூபாய் மிச்சம்பிடித்து, ஒரு மழைநாள் இரவில் போர்டையும் சேர்த்துப் பறிகொடுத்தவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

இனி, எதை வாங்குவது? ஐ3 12100எஃப் அல்லது ரைசன் 5 5600, அதனுடன் 8 ஜிபி ஆர்எக்ஸ் 6600 அல்லது அதற்கு இணையான கார்டு, 16 ஜிபி ராம், 500 ஜிபி என்விஎம்இ எஸ்எஸ்டி, 24 அங்குல 1080பி மானிட்டர் – இது தங்கள் தொகைக்குள் அடங்கினால் தயங்காமல் வாங்குங்கள். அடங்குமா என்பது அந்த வாரத்து ராம் விலையைப் பொறுத்தது. 2025இன் பிற்பகுதியிலிருந்து, செயற்கை நுண்ணறிவு மையங்களுக்கு மெமரி சிப்புகள் வாரிக்கொண்டு போகப்படுவதால், ராமும் எஸ்எஸ்டியும் விலையேறிவிட்டன. ஆகவே விலைகளை இங்கே அச்சிட்டால், இதழ் தங்கள் கைக்கு வருவதற்குள் அவை பொய்யாகிவிடும். மானிட்டர் நீங்கலான தொகையில் ஏறக்குறைய நாற்பது விழுக்காடு கிராபிக்ஸ் கார்டுக்குப் போகிறதா என்று மட்டும் பாருங்கள். அதற்குக் குறைவாகப் போனால், பணம் கண்ணாடிக் கேபினெட்டிலோ வண்ண விளக்கு மின்விசிறியிலோ எங்கோ தங்கியிருக்கிறது என்று பொருள்.

அடங்காவிட்டால் கடன் வாங்க வேண்டாம். ரைசன் 5 5600ஜி என்ற புராசசரை இப்போது வாங்கி, கார்டை அடுத்த ஆண்டுக்குத் தள்ளிவையுங்கள். அந்தப் புராசசருக்குள்ளேயே கிராபிக்ஸ் இருக்கிறது. வாலரண்ட் சீராக ஓடும், ஜிடிஏ 5 அளவான அமைப்புகளில் ஓடும். ஒரு நிபந்தனை உண்டு: இத்தகைய புராசசர் படம் வரைவதற்கும் பொது ராமையே பயன்படுத்துவதால், 16 ஜிபியை ஒரே குச்சியாக வாங்காமல் 8 ஜிபி குச்சிகள் இரண்டாக வாங்க வேண்டும். ஒற்றைக் குச்சி போட்டால் விளையாட்டின் வேகம் கண்ணுக்குத் தெரியும்படி குறையும். பின்னாளில் கார்டு போடும்போது, புராசசருக்குள்ளிருக்கும் கேஷ் மெமரி பாதியாகவும், கார்டோடு பேசும் பிசிஐஇ இணைப்பு பழைய 3.0 வகையாகவும் இருப்பதால், 5600-ஐவிட இது சற்றே பின்தங்கும். தங்கள் நிலையில் நான் இருந்தால், அந்தச் சிறு குறையை ஏற்றுக்கொண்டு இந்த வழியில்தான் போவேன். ஏனென்றால் எஸ்எம்பிஎஸ், எஸ்எஸ்டி, மானிட்டர் மூன்றும் இப்போதே நல்லவையாக அமைந்துவிடும்.

தண்டையார்பேட்டையில் மெட்ரோ ஏறினால் மாறாமல் அரசினர் தோட்டத்தில் இறங்கி, ரிச்சி தெருவுக்கு நடந்தே போய்விடலாம். மூன்று கடைகளில், ஒவ்வொரு பாகத்துக்கும் முழு மாடல் எண்ணுடன் எழுதித் தரும்படி கேளுங்கள். புராசசர் பெட்டியோடு வருகிறதா, பெட்டியில்லாமல் தனியாக வரும் ‘ட்ரே’ சரக்கா என்பதையும் எழுதச் சொல்லுங்கள்; பின்னதற்கு வாரன்டி வேறுபடும். ‘பில் வேண்டாமென்றால் 18 விழுக்காடு ஜிஎஸ்டி மிச்சம்’ என்று எவராவது சொன்னால், மிச்சமாவது வரியோடு வாரன்டியும்தான். சீரியல் எண் அச்சிட்ட பில் இல்லாமல் சர்வீஸ் சென்டரில் பேசிப் பயனில்லை.

கேள்வி: கேமிங் லேப்டாப்பா, டெஸ்க்டாப்பா? ஒரே விலையில் எது சிறந்தது?
– வாசகி, கொளத்தூர்

பதில்: வீட்டிலேயே இருப்பதென்றால் டெஸ்க்டாப். விடுதிக்குப் போவதென்றால் வேறு வழியில்லை, லேப்டாப். வாங்கும்போது கிராபிக்ஸ் சிப்பின் பெயரோடு அதற்கு எத்தனை வாட் ஒதுக்கப்பட்டிருக்கிறது என்பதையும் கேளுங்கள். ஆர்டிஎக்ஸ் 4060 என்ற ஒரே பெயரில், மெலிந்த லேப்டாப்பில் 35 வாட்டுடனும், தடித்ததில் 100 வாட்டுக்கு மேலும் விற்கிறார்கள். ஒரே பெயர் என்றாலும் வேகம் ஒன்றன்று.

கேள்வி: தெரிந்தவர் ஒருவர் ஆர்எக்ஸ் 580, 8 ஜிபி கார்டைக் குறைந்த விலைக்குத் தருகிறார். மைனிங்கில் ஓடியது என்று நண்பர்கள் எச்சரிக்கிறார்கள். அப்படிப்பட்ட கார்டு உழைக்குமா?
– வாசகர், பெரம்பூர்

பதில்: எத்தேரியம் என்ற டிஜிட்டல் நாணயத்தை கிராபிக்ஸ் கார்டுகளால் தோண்டியெடுக்கும் மைனிங் முறை 2022 செப்டம்பரில் முடிவுக்கு வந்தது. அதன் பிறகு அத்தகைய கார்டுகள் உலகெங்கும் பழைய சரக்குச் சந்தைக்குள் கொட்டப்பட்டன. தங்கள் நண்பர்களின் ஐயம் சரியானதே. எனினும் மைனிங்கில் ஓடியது என்பதாலேயே கார்டு செத்துவிட்டது என்று பொருளன்று. அதில் தேய்வது பெரும்பாலும் மின்விசிறியும் மெமரி சிப்புகளும். விற்பவர் வீட்டிலேயே கார்டைப் பொருத்தி, அரை மணி நேரம் கனமான சோதனை மென்பொருளை ஓடவிடுங்கள். திரையில் வண்ணப் புள்ளிகள் தெறித்தாலோ, கோடுகள் விழுந்தாலோ, விசிறி கரகரத்தாலோ, விலை எவ்வளவு குறைந்தாலும் வேண்டாம்.

இன்னொன்றையும் பார்த்துவிடுங்கள். ஆர்எக்ஸ் 580 என்ற பெயரில் இரண்டு சரக்குகள் உள்ளன. 2017இல் வந்த அசலில், படம் வரையும் சிறு கணக்கு அலகுகளான ஷேடர்கள் 2304. ‘2048எஸ்பி’ என்ற வகையில், பெயருக்கேற்ப, 2048 மட்டுமே. பின்னது உண்மையில் ஆர்எக்ஸ் 570-க்குச் சமம். ஜிபியு-இசட் என்ற இலவச மென்பொருள் ஒரு நிமிடத்தில் அந்த எண்ணைக் காட்டிவிடும். அசலானாலும் அது 185 வாட் இழுக்கும் கார்டு. தங்களிடம் உள்ள எஸ்எம்பிஎஸ்ஸையும் மாற்ற வேண்டிவந்தால், மலிவு என்று நினைத்தது மலிவாக இராது.

கேள்வி: காசிமேட்டில் கடலுக்கு இரண்டு தெரு தள்ளி எங்கள் வீடு. இரண்டு ஆண்டுகளுக்கு முன் வாங்கிய கணினியின் திருகுகள் துருப்பிடித்துவிட்டன. மழைக்காலத்தில் சில நாள் ஆன் ஆக மறுக்கிறது. போதாததற்கு, வெறுங்காலுடன் கேபினெட்டைத் தொட்டால் சுருக்கென்று ஷாக் அடிக்கிறது. புதிதாக வாங்கத்தான் வேண்டுமா?
– வாசகர், காசிமேடு

பதில்: இப்போதைக்கு வேண்டாம். ஷாக்கை முதலில் கவனியுங்கள். எஸ்எம்பிஎஸ்ஸுக்குள், மின் இரைச்சலை வடிகட்டுவதற்காக, இரண்டு மின்கம்பிகளிலிருந்தும் உலோகப் பெட்டிக்குச் சிறிய கெப்பாசிட்டர்கள் இணைக்கப்பட்டிருக்கும். மூன்றாவது பின் வழியாக எர்த் கிடைத்தால் அந்தக் கசிவு மண்ணுக்குள் இறங்கிவிடும். எர்த் இல்லாத வீட்டில் கேபினெட்டின்மீது 230 வோல்ட்டில் ஏறக்குறைய பாதி நின்றுகொண்டிருக்கும். மின்னோட்டம் மிகச் சிறியது என்பதால் சுருக்கென்பதோடு போய்விடுகிறது. ஆனால் உள்ளே இன்சுலேஷன் எங்காவது பழுதானால் முழு 230 வோல்ட்டும் அதே உலோகத்துக்கு வரும். எர்த் இல்லாத இடத்தில் அது தொடுபவர் உடல் வழியாகத்தான் இறங்கும். வடசென்னையின் பழைய வீடுகளில் மூன்று துளை பிளக் பாயின்ட் இருக்கும், எர்த் துளைக்குப் பின்னால் கம்பி இருக்காது. எலக்ட்ரீஷியனை அழைத்து முறையான எர்த் போடுங்கள். முடிந்தால் கசிவைக் கண்டு மின்சாரத்தை நிறுத்தும் ஆர்சிசிபி ஒன்றையும் பொருத்தச் சொல்லுங்கள். தண்ணீர்க் குழாயில் கம்பியைக் கட்டும் வேலையை மட்டும் அனுமதிக்காதீர்கள். புதிய கிராபிக்ஸ் கார்டுக்கு முன்பே செய்ய வேண்டிய செலவு இது.

ஆன் ஆகாததற்குப் பெரும்பாலும் உப்புக் காற்றே காரணம். உப்பு, காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துத் தன்னோடு வைத்துக்கொள்ளும். அந்த மெல்லிய ஈரப் படலம் ராம் குச்சி செருகும் இடத்தில் தொடர்பைக் கெடுக்கிறது. பிளக்கைப் பிடுங்கிவிட்டு, ராமை எடுத்து, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த மெல்லிய துணியால் அதன் பொன்னிறப் பற்களைத் துடைத்து, நன்கு உலர்ந்த பின் மீண்டும் செருகுங்கள். கடைகளில் பென்சில் ரப்பரால் தேய்ப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதுவும் வேலை செய்யும். அடிக்கடி செய்தால் பொன்முலாம் தேய்ந்துவிடும்.

கணினியைக் கடலைப் பார்த்த ஜன்னலிலிருந்து நகர்த்தி, எதிர்ச் சுவரோரம், தரையிலிருந்து ஓரடி உயரத்தில் வையுங்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது தரையில் கேபினெட்டை வைத்திருந்தவர்கள் பட்டதைத் தாங்கள் பக்கத்து வீடுகளிலேயே பார்த்திருப்பீர்கள். ஓடும்போது பிளாஸ்டிக் உறை போட வேண்டாம். மழைக்காலத்தில் விளையாட நேரமில்லாவிட்டாலும் நாள்தோறும் ஒரு மணி நேரமாவது ஓடவிடுங்கள். உள்ளே எழும் வெப்பமே ஈரத்தை விரட்டிவிடும். இவ்வளவும் செய்த பிறகும் ஆன் ஆக மறுத்தால், வேறொரு நல்ல எஸ்எம்பிஎஸ்ஸை இரவல் வாங்கிப் பொருத்திப் பாருங்கள். அதில் ஓடினால் தங்கள் செலவு எஸ்எம்பிஎஸ்ஸோடு முடிந்துவிடும்.